டேல்ஸ் ஃப்ரம் தி தௌசண்ட் லேக்ஸ்

டேல்ஸ் ஃப்ரம் தி தௌசண்ட் லேக்ஸ் என்பது ஃபின்லாந்தின் அமார்ஃபிஸ் இசைக்குழு 1994 ஜூலையில் வெளியிட்ட இரண்டாவது ஆல்பம். பெயருக்கு ‘ஆயிரம் ஏரிகளின் கதைகள்’ என்று பொருள். ஃபின்லாந்தை ஆயிரம் ஏரிகளின் நாடு என்பது வழக்கம். உண்மையில் அங்கே சிறியதும் பெரியதுமாக ஏறத்தாழ 1,88,000 ஏரிகள் உண்டு. டெத் மெட்டல், டூம் மெட்டல், நாட்டார் மெட்டு ஆகிய மூன்றும் கலந்த இந்த ஆல்பத்தின் பாடல்கள் ஃபின்லாந்தின் காவியமான கலேவலாவை அடியொற்றியவை. ஃபின்லாந்து மெட்டல் என்றதும் உலகம் நினைத்துக்கொள்ளும் துயரச் சாயலை நிலைநாட்டியதில் இந்த ஆல்பத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

அமார்ஃபிஸ் 1990இல் ஹெல்சிங்கியில் உருவானது. முதல் ஆல்பமான தி கரேலியன் இஸ்த்மஸ் (1992) அந்நாளைய டெத் மெட்டலின் நேர்வழியில் சென்றது. இரண்டாவது ஆல்பத்தை ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டுடியோவில் பதிவு செய்தார்கள். ஸ்வீடன் டெத் மெட்டலின் கரகரத்த, ரம்பம் அறுப்பது போன்ற கிட்டார் ஒலிக்குப் பேர்போன இடம் அது. அதே முரட்டு ஒலியின்மேல் காஸ்பர் மார்டென்சன் பியானோவையும் சிந்தசைசரையும் ஏற்றினார். டெத் மெட்டலில் கீபோர்டு என்றாலே முகம் சுளித்த ரசிகர்கள் இருந்த காலத்தில் ஆல்பத்தைக் கீபோர்டு இசையோடு தொடங்கியது துணிச்சல்தான். உறுமும் குரல் டோமி கோய்வுசாரியுடையது. தெளிந்த குரலில் வரும் பகுதிகளை வில்லே டுவோமி விருந்தினராகப் பாடினார். எசா ஹோலோபாய்னன் முதன்மை கிட்டாரையும், ஓலி-பெக்கா லாய்னே பேஸையும், யான் ரெக்பெர்கர் டிரம்ஸையும் கையாண்டனர். அனைவருமே அப்போது இளைஞர்கள்.

கலேவலாவை அவர்கள் எடுத்துக்கொண்டதுதான் ஆல்பத்தின் உயிர்நாடி. எலியாஸ் லோன்ரோத் என்ற மருத்துவர் கரேலியா முதலான பகுதிகளில் ஊர் ஊராக நடந்து, பாடகர்களின் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டி, 1835இல் காவியமாகக் கோத்து வெளியிட்டார். விரிவாக்கிய பதிப்பு 1849இல் வந்தது. அதில் 50 பாடல்கள், 22,795 அடிகள். ஓரடிக்கு எட்டு அசை. ஒன்றைச் சொல்லி, அதையே வேறு சொல்லால் மறுபடி சொல்லும் அமைப்பு. மோனை நிறைந்த நடை. பழைய மெட்டுகளோ பெரும்பாலும் ஐந்து சுரங்களுக்குள் அடங்கிவிடும். ஹோலோபாய்னனின் கிட்டாரைக் கேட்டால் இந்த மரபின் வாடை அடிக்கும்: மைனர் ஸ்கேலில் சிறிய, முணுமுணுக்கத்தக்க ஒரு மெட்டு, அது திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கனம் கூடும்.

இந்தச் சோகத்தின் கவர்ச்சி எங்கே இருக்கிறது என்று கேட்டால், பலரும் ஃபின்லாந்தின் குளிர்கால இருட்டைக் காட்டுவார்கள். வடகோடியில் ஐம்பது நாள் அளவுக்குச் சூரியன் எழுவதே இல்லை என்பது உண்மைதான். அந்த நாட்டுக்கு மைனர் ஸ்கேலோடு நெடுநாள் உறவு உண்டு என்பதும் உண்மை. அர்ஜென்டினாவிலிருந்து வந்த டாங்கோவைக்கூட அவர்கள் ஏக்கப் பாட்டாக மாற்றிக்கொண்டார்கள். ஆனால் இருட்டு மட்டுமே காரணமென்றால் ஒரே வானிலையில் வாழ்கிற எல்லாக் குழுக்களும் இப்படி ஒலிக்க வேண்டும். இந்த ஆல்பத்தின் தனித்தன்மை வேறு: இதில் பாடுபவர் தம் சொந்த மனக்குறையைப் பாடவில்லை. பல தலைமுறை வாய்களில் புழங்கித் தேய்ந்த, யாரோ ஒருத்தியின் துக்கத்தை இரவல் வாங்கிப் பாடுகிறார்.

‘பிளாக் விண்டர் டே’ என்ற புகழ்பெற்ற பாடலே இதற்குச் சான்று. தலைப்பை மட்டும் பார்த்தால் பருவநிலைப் பாட்டு என்று தோன்றும். காவியத்தில் இது 22ஆம் பாடலில், புகுந்த வீடு போகும் மணப்பெண்ணை உறவினர்கள் அழவைக்கும் சடங்கில் வருகிறது. வடநாட்டு லோஹியின் மகள், கொல்லன் இல்மரினனுக்கு வாழ்க்கைப்பட்டுத் தாய்வீட்டை விட்டுப் புறப்படுகிறாள். பாக்கியசாலிகளின் மனத்தை விடியலுக்கு ஒப்பிட்டுவிட்டு, தன் மனம் எதைப் போன்றது என்று அவள் தேடும்போது அகப்படுவதுதான் அந்தக் கரிய குளிர்கால நாள். கரேலியாவில் திருமணத்திலும் சாவிலும் பெண்கள் அழுதுபாடும் வழக்கம் இருந்தது. ஒப்பாரி நமக்குத் தெரியும் என்பதால் விளக்கம் அதிகம் தேவையில்லை. அமார்ஃபிஸ் அந்தப் பெண்ணின் சொற்களைக் கோய்வுசாரியின் அடித்தொண்டை உறுமலிடம் ஒப்படைத்தது. பொருந்தாது என்றுதான் நினைப்போம். கேட்கும்போது அந்த உறுமல் ஆணுடையதாகவோ பெண்ணுடையதாகவோ தெரிவதில்லை. பக்கத்தில் கீபோர்டின் எளிய மெட்டு தாலாட்டுப் போல் ஓடிக்கொண்டிருக்கிறது.

‘ட்ரவுண்ட் மெய்ட்’ ஐனோவைப் பற்றியது. பாட்டுப் போட்டியில் கிழவன் வைனாமோய்னனிடம் தோற்றுச் சேற்றில் புதையும் யோகஹய்னன், உயிர் பிழைக்கத் தன் தங்கை ஐனோவை மணமுடித்துத் தருவதாகச் சொல்லிவிடுகிறான். தாய்க்கு மகிழ்ச்சி; மகளுக்கு இல்லை. அவள் நீராடப் போய் மூழ்கிப்போகிறாள். இனி அந்த நீர் தன் இரத்தம், அந்த மீன்கள் தன் தசை, ஆகவே தந்தை அங்கே வலை வீசக்கூடாது, தாய் மாவு பிசைய அங்கே நீர் மொள்ளக்கூடாது என்பது காவியத்தில் அவள் விட்டுச்செல்லும் சொல். தாயின் கண்ணீர் பின்னர் ஆறுகளாக ஓடுகிறது. இவ்வளவு கனமான கதைக்கு ஆல்பம் தருவது சில நிமிடங்களே. அந்தச் சுருக்கமும் வேகமும் அழுகையை மிகைப்படுத்தாமல் காக்கின்றன.

குறைகளும் உண்டு. பாடல் வரிகள் காவியத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து துண்டு துண்டாக எடுக்கப்பட்டவை. கதை தெரியாதவருக்கு யார் பேசுகிறார் என்றே விளங்காது. தெளிந்த குரல் சில இடங்களில் தயங்குகிறது.

அடுத்த ஆல்பமான எலெஜி (1996), லோன்ரோத் தொகுத்த மற்றொரு நூலான கன்டலேதாரை எடுத்துக்கொண்டது. புதிதாகச் சேர்ந்த பாசி கோஸ்கினனால் தெளிந்த குரலின் பங்கு கூடியது. ஹெல்சிங்கியின் டவஸ்டியா அரங்கில் டேல்ஸ் ஃப்ரம் தி தௌசண்ட் லேக்ஸை முழுவதுமாக வாசித்த பதிவு 2024இல் வெளிவந்தது. அதில் பாடியவர் 2005 முதல் குழுவில் இருக்கும் டோமி யோட்சன்.

ஆல்பம் வெளியான அதே 1994இல்தான் கலேவலா தமிழிலும் வந்தது. ஃபின்லாந்தில் வாழ்ந்த இலங்கை எழுத்தாளர் ஆர். சிவலிங்கம், ‘உதயணன்’ என்ற பெயரில் எழுதியவர், ஐம்பது பாடல்களையும் செய்யுள் நடையில் பெயர்த்தார்; சிந்துவெளி எழுத்தாய்வால் நாம் அறிந்த அஸ்கோ பர்ப்போலா அதற்கு அறிமுக உரை எழுதினார். மணப்பெண்ணின் புலம்பல் அதன் 22ஆம் பாடலில் இருக்கிறது. ஐனோவின் கதை நான்காவதில்.