வாட்டம்

மழை பிடித்துக்கொண்டால் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் எல்லாரும் ஓடி ஒதுங்கும் இடம் திருச்சுற்று மாளிகை. அங்கே நின்றுகொண்டு முற்றத்தைப் பார்க்க வேண்டும். விமானத்தில் தளம் தளமாக நீர் வழிந்து இறங்கும். நந்தி மண்டபத்துக் கூரை ஓரத்திலிருந்து சரம் சரமாக விழும். தரையில் முதலில் அங்கங்கே சின்னச் சின்னதாகத் தேங்கும். கொஞ்ச நேரத்தில் ஒரு தேக்கம் இன்னொன்றைத் தொடும். தொட்டதும் எல்லாம் சேர்ந்து நகரத் தொடங்கும். சமதரை என்று நினைத்து அதுவரை நாம் நடந்த தரை சமதரை இல்லை. கொத்தனார்கள் மொழியில் சொன்னால், அதற்கு வாட்டம் இருக்கிறது.

அந்த மழைநீரின் கதைதான் இது. ஊருக்குள் அது போன வழி, நடுவில் தொலைந்தது, மறுபடி அகப்பட்டது.

1010இல் ராஜராஜன் கட்டி முடித்த கோயிலின் முற்றம் சுமார் 240 மீட்டர் நீளம், 120 மீட்டர் அகலம். அதன்மேல் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 2.88 லட்சம் லிட்டர். ஐப்பசி அடைமழையில் ஒரே ராத்திரியில் ஐந்தாறு சென்டிமீட்டர் கொட்டுவது தஞ்சாவூருக்குப் புதிதில்லை. மண்ணும் புல்லும் குடித்தது போக மீந்ததை எங்கே அனுப்புவது? கட்டியவர்கள் அதற்கும் வழி வைத்திருந்தார்கள். முற்றத்து நீர் வடக்கே நகர்ந்து, தரைக்கடியில் புகுந்து, பக்கத்திலிருக்கும் சிவகங்கைக் குளத்தில் போய் விழும்.

சிவகங்கை இன்று பூங்காவாகத்தான் பலருக்குத் தெரியும். 1870களில் நகராட்சி அதைப் பூங்காவாக்கியது. குளம் அதைவிட எத்தனையோ பழையது. நடுவில் தீவுபோல ஒரு சின்னக் கோயில். தேவாரத்தில் தஞ்சைத் தளிக்குளம் என்று ஒரு வைப்புத்தலம் வருகிறது. அது இதுதான் என்பது ஊரில் வழங்கும் நம்பிக்கை. தளி என்றால் கோயில். கோயிலையும் குளத்தையும் ஒரே பெயருக்குள் வைத்த ஊர் இது. பின்னால் நாயக்கர்கள் பெரிய கோயிலையும் இந்தக் குளத்தையும் சேர்த்துச் சின்னக் கோட்டைக்குள் வளைத்தார்கள். கோட்டைக்கு உள்ளே நீர் இருந்தால்தான் முற்றுகையைத் தாங்க முடியும் என்பது அவர்கள் கணக்கு. வெகுகாலம் ஊர் குடித்ததும் இந்தத் தண்ணீரைத்தான்.

கோயில் முற்றத்து நீர் மட்டும் இவ்வளவு பெரிய குளத்துக்குப் போதாது. இங்கே தஞ்சாவூரின் நில அமைப்பைப் பார்க்க வேண்டும். டெல்டா என்றதும் தட்டையான வயல்தான் நினைவுக்கு வரும். தஞ்சாவூரோ டெல்டாவின் வாசல்படியில் நிற்கிறது. தெற்கிலும் மேற்கிலும் வல்லம் பக்கத்துச் செம்மண் மேடு. வடக்கிலும் கிழக்கிலும் வண்டல். மேட்டில் விழும் மழை ஊரைத் தாண்டித்தான் பள்ளத்துக்குப் போக வேண்டும். தஞ்சையின் முதல் நாயக்க மன்னர் சேவப்பர் 16ஆம் நூற்றாண்டில் அந்த மழையைக் கோட்டைக்கு மேற்கே தடுத்து ஓர் ஏரி வெட்டினார். சேவப்பநாயக்கன் வாரி என்று பெயர். ஏரியில் மண் படியும். தெளிந்த நீர் சிவகங்கைக்கு வரும். அங்கே மறுபடி தெளியும். அங்கிருந்து நிலத்தடிக் கால்வாய் வழியாக, மேல வீதிப் பக்கத்து அய்யன்குளம் போன்ற ஊர்க்குளங்களுக்குப் போகும். இந்த நிலத்தடி வழிக்கு ஜலசூத்திரம் என்று பெயர்.

சூத்திரம் பெரிதாக ஒன்றுமில்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு, ஒரு குளம் நிறைந்தால் அடுத்த குளத்துக்கு. இறைப்பு இல்லை, ஏற்றம் இல்லை, இன்றைய மோட்டாரும் இல்லை. வாட்டம் ஒன்றுதான் மூலதனம். திறந்த வாய்க்கால் என்றால் தெருவின் குப்பையெல்லாம் அதில்தான் விழும், வெயிலில் ஆவியும் ஆகும். ஆகவே மண்ணுக்கடியில் கொண்டுபோனார்கள். நீர் கடைசியில் சேரும் குளம் நான்கு பக்கமும் படிகளோடு வீடுகளுக்கு நடுவே இருந்தது. குளத்தில் நீர் நின்றால் சுற்றுத் தெருக்களின் கிணறுகள் ஊறும். அதனால் ஒரு குளம் நிறைந்தது என்றால் அந்தக் கிணறுகளும் நிறைந்தன என்று அர்த்தம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு ஒன்று. காவிரிக் கரை ஊர் என்று பெயர் வாங்கிய தஞ்சாவூர், தன் குடத்துக்குக் காவிரியை மட்டும் நம்பவில்லை. ஆறு வெண்ணாறாக, வெட்டாறாக, வடவாறாகப் பிரிந்து வயலுக்குப் போனது. பெரிய கோயிலை ஒட்டிப் போகும் புது ஆறு, அதாவது கல்லணைக் கால்வாய், மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934இல் முடிந்தது; அதற்கு முன் அங்கே ஆறே கிடையாது. ஆற்று நீர் பயிருக்கு, தலைமேல் பெய்கிற மழை ஊருக்கு என்று ஒரு பங்கீடு இருந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. திருவாரூரில் கோயிலும் குளமும் செங்கழுநீர் ஓடையும் தலைக்கு ஐந்து வேலி என்பார்கள். ஊர் எவ்வளவு இடம் எடுக்கிறதோ அவ்வளவு இடம் தண்ணீருக்கும் உண்டு என்பது இந்த நாட்டின் பழைய நகர்க்கணக்கு.

கணக்கு எப்படித் தப்பியது என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. எல்லா ஊரிலும் ஒரே கதை. குழாய் வந்தது. கொள்ளிடத்து மணலில் ஊறும் நீரைத் திருமானூர் பக்கத்திலிருந்து குழாயில் கொண்டுவந்தார்கள். வீட்டுக்குள் தண்ணீர் வந்தபின் குளத்தை யார் எட்டிப் பார்ப்பது? சேவப்பநாயக்கன் வாரி என்பது இன்று ஒரு குடியிருப்பின் பெயர். முகவரியில் ஏரி இருக்கிறது, வீடு அதன் மேல் இருக்கிறது. அய்யன்குளம் குப்பை போடும் பள்ளமானது. நடுவிலிருந்த வழியை ஊரே மறந்தது. தரைக்கு மேலிருக்கும் வாய்க்காலுக்காவது வருவாய்த்துறைக் கணக்கில் வாய்க்கால் புறம்போக்கு என்று ஒரு வரி எழுதியிருக்கும். மண்ணுக்கடியில், வீட்டுக்கும் தெருவுக்கும் கீழே போகிற வழியை யார் போய் அளப்பது?

2016இல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் தஞ்சாவூர் இடம்பிடித்தது. அந்தப் பணத்தில் அய்யன்குளத்தையும் சாமந்தான் குளத்தையும் தூர்வாரி, படிகளைச் சீர்செய்து, சுற்றி நடைபாதை போட்டார்கள். அய்யன்குளத்தைத் தோண்டியபோதுதான் பழைய நிலத்தடிக் கால்வாய் கண்ணில் பட்டது. அடைப்பை எடுத்துவிட்டார்கள். சிவகங்கையிலிருந்து நீர் வந்தது. வெகுகாலம் மூடிக்கிடந்த வழி; வாட்டம் மட்டும் மாறவே இல்லை. புவியீர்ப்புக்கு மறதி கிடையாது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஒரு குளத்தைச் சீரமைக்கப் பணமும் பொக்லைனும் போதும். திறப்பு விழாவுக்கு நல்ல படமும் கிடைக்கும். வரத்து வழி இல்லாத குளமோ, படிக்கட்டு வைத்த பள்ளம்தான். இரண்டு கோடையில் மறுபடி குப்பை சேரும். குளத்தைவிடப் பெரிய சொத்து குளத்துக்கு வரும் வழி. அய்யன்குளத்தில் அந்த வழி தற்செயலாகக் கிடைத்தது. மற்றக் குளங்களுக்கும் தற்செயலை நம்பிக்கொண்டிருக்க முடியாது.

சீனா 2015இல் 16 நகரங்களைத் தேர்ந்து பஞ்சு நகரம் என்று ஒரு திட்டம் தொடங்கியது. மழையைக் குழாயில் துரத்தாமல் குளத்திலும் சதுப்பிலும் மண்ணிலும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும் நகரம். உலகமே அதை வியந்து பேசியது. தமிழ்நாட்டிலும் 2003இல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. மொட்டைமாடியிலிருந்து ஒரு குழாய், கீழே ஒரு குழி என்று அதை வீட்டளவில் முடித்துக்கொண்டோம். ஒரு வீட்டின் மீதி நீர் அடுத்த தெருவுக்கு எப்படிப் போகும், அங்கிருந்து எந்தக் குளத்துக்கு என்று கேட்கிற வேலை பாக்கியாகவே நிற்கிறது. ஜலசூத்திரம் செய்தது அந்த வேலையைத்தான்.

இன்று தஞ்சாவூர் வளர்வது வயலை நோக்கி. 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக்கிய சட்டம் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளையும் உருக்காலை, தோல் ஆலை மாதிரியான புதுத் தொழில்களையும் தடுக்கிறது, வீட்டுமனையைத் தடுக்கவில்லை. நஞ்சையில் மண் கொட்டி மேடாக்குகிறார்கள். கல் நட்டு, வளைவு கட்டி, ஒரு பூவின் பெயரையோ சாமியின் பெயரையோ சேர்த்து 'நகர்' என்று பலகை வைக்கிறார்கள். அந்த வயலுக்குப் பாசனம் தந்த வாய்க்காலும், மிஞ்சிய நீரை வடித்த வடிகாலும் மனையின் சதுரக் கட்டத்துக்குள் பொருந்துவதில்லை. முதல் ஐப்பசியில் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி வரும். வாசலில் நிற்கும். பக்கத்து மனைக்காரர் இன்னும் ஓர் அடி மண் கொட்டுவார். தண்ணீர் அடுத்த வாசலுக்கு நகர்ந்து போகும்.

வீட்டுக்குத் தளம் போட்டு முடித்ததும் கொத்தனார் ஒரு காரியம் செய்வார். ஒரு சொம்புத் தண்ணீரைத் தரையில் கவிழ்த்துவிட்டுக் குந்தி உட்கார்ந்து பார்ப்பார். தண்ணீர் தூம்பை நோக்கி ஓடினால் எழுந்து கையைத் துடைத்துக்கொள்வார். நடுவில் நின்றால், வீட்டுக்காரர் எவ்வளவு அவசரப்பட்டாலும், அந்த இடத்தைக் கொத்திவிட்டு மறுபடி பூசுவார். மனைப்பிரிவு வரைபடத்தில் கையெழுத்துப் போடுமுன் நகரத்துக்கும் அந்த ஒரு சொம்பைக் கவிழ்த்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

அதுவரை, அடுத்த மழைக்குப் பெரிய கோயிலில் ஒதுங்க நேர்ந்தால் செல்போனை எடுக்காதீர்கள். தரையைப் பாருங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள்.