பனி நாட்டில் பனை

ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய மரம் இன்னது என்று வகுத்துக் கண்டவர்கள் நம் முன்னோர். தொல்காப்பியர் கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு ஆகியவற்றோடு மரத்தையும் சேர்த்தே எண்ணினார். மண்ணும் மழையும் வெயிலும் கூடி ஆக்குவதே மரம் என்பது அவ்வகுப்பின் உட்பொருள் எனலாம். அவ்வாறாயின், ஒரு நிலத்து மரத்தை அதற்குப் புறம்பான வேறொரு நிலத்தில் வாழவைத்தல் இயலுமா? ஐரோப்பியர் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக இவ்வினாவிற்கு விடை தேடி வந்துள்ளனர். குளிர்நாட்டில் அவர்கள் பனையினத்தையும் யூகலிப்டசையும் வளர்த்த வரலாறு, செல்வத்தால் ஆகாதது அறிவால் ஆகும் என்பதற்குச் சான்றாக நிற்கிறது.

தொடக்கத்தில் அவர்கள் நம்பியது சுவரையே. இத்தாலியின் படுவா நகரில் 1545ஆம் ஆண்டு தாவரத் தோட்டம் ஒன்று தோன்றியது. மத்தியதரைக் கடற்கரைக்குரிய குட்டைப் பனை ஒன்று 1585இல் அங்கு நடப்பட்டது. 1786இல் அதனைக் கண்ட செருமானியக் கவிஞர் கதே, அடியில் எளிய வடிவுடன் தோன்றும் இலை மேலே செல்லச் செல்ல விசிறியாய்ப் பிளவுபடுவதை வியந்து நோக்கினார். தாவரங்களின் உருமாற்றம் பற்றி அவர் 1790இல் வெளியிட்ட நூலுக்கு அக்காட்சி தூண்டுகோலாயிற்று. அப்பனை இன்றும் தனக்கெனக் கட்டப்பட்ட கண்ணாடிக் கூடத்துள் வாழ்கிறது.

பிரான்சின் மன்னர் பதினான்காம் லூயியோ, வெர்சேல் அரண்மனையில் 1684 முதல் 1686 வரை தெற்கு நோக்கிய பெருங்கூடம் ஒன்றைக் கட்டுவித்தார். மரப்பெட்டிகளில் நட்ட கிச்சிலி மரங்கள் குளிர்காலத்தில் அதனுள் புகும். இளவேனிலில் வெளியே வரும். மன்னர்க்கே இயலும் வேளாண்மை அது!

சுவருக்குப் பின் கண்ணாடி வந்தது. இங்கிலாந்தில் கண்ணாடி மீதான வரி 1845இல் நீக்கப்பட்டது. இலண்டனையடுத்த கியூ தோட்டத்தில் 1844இல் தொடங்கிய பனைக்கூடம் 1848இல் நிறைவுற்றது. இரும்பு வளைவுகளின்மேல் கண்ணாடி போர்த்த அம்மாளிகையின் அடியில் கொதிகலன்கள் இடையறாது எரிந்தன. அதனருகே புகை தோன்றலாகாது எனச் சுரங்கவழி அமைத்து, தொலைவில் நின்ற கோபுரம் ஒன்றின் வழியே அதனை வெளியேற்றினர்.

இத்தகைய வெப்பக் கூடங்களின் பயனைக் குறைத்துரைத்தல் தகாது. 1876இல் பிரேசிலிலிருந்து வந்த ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகள் கியூவின் வெப்பக் கூடங்களிலேயே விதைக்கப்பட்டன. முளைத்தவை மிகச் சிலவே. மறு ஆண்டு அவ்வழி வந்த 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. பின்னாளில் மலாயாவின் காடுகளைத் தோட்டங்களாக்கி, தமிழகத்தினின்று நம் மக்களை ஆயிரக்கணக்கில் இங்கு ஈர்த்த ரப்பரின் கதை, குளிர்நாட்டுக் கண்ணாடிக் கூடத்தைக் கடந்தே வந்தது.

ஆயினும், பனைக்கு வேண்டியது வெப்பம் ஒன்றே எனக் கருதியது பிழை. சீபோல்டு என்னும் அறிஞர் 1830இல் ஜப்பானிலிருந்து ஒருவகை விசிறிப் பனையின் விதைகளை ஐரோப்பாவிற்குக் கொணர்ந்தார். அவற்றினின்று முளைத்த செடிகள் வெப்பக் கூடங்களில் அடைபட்டு வளர்ந்தன. அதே பனையைச் சீனத்தின் சூசான் தீவில் கண்டார் இராபர்ட் பார்ச்சூன். அங்குள்ள உழவர்கள் அதன் நாரால் கயிறும் மழையங்கியும் செய்தனர். உறைபனியும் வெண்பனியும் பெய்யும் நிலத்தில் அது ஊறின்றி நிற்பதையும் அவர் நோக்கினார். 1849இல் அவர் அனுப்பிய கன்றுகள் கியூவிற்கும் விக்டோரியா அரசியாரின் ஆஸ்பர்ன் மாளிகைக்கும் சென்றன. திறந்த வெளியில் நடப்பட்டவை குளிரைத் தாங்கி வளர்ந்தன. கொதிகலனால் காக்க முயன்ற மரத்தை, அதன் பிறந்த மண்ணை அறிந்த ஒருவரின் கண் விடுவித்தது.

குளிர் மிகக் கடுமையாக உள்ள இடங்களில் இப்பனைக்கும் காவல் வேண்டும். தொல்காப்பியர் மரபியலில் புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் பிரித்தார். பனை, தெங்கு, கமுகு ஆகியவற்றை உரையாசிரியர்கள் புல்லுக்குக் காட்டுவர். இப்பிரிவு ஈண்டு நன்கு பொருந்துகிறது. ஒற்றைப் பனைக்கு உயிர்நிலை அதன் குருத்து. தென்னையின் குருத்து அழுகினால் மரமே சாவதை நாம் அறிவோம். ஆதலின் குளிர்நாட்டார் ஓலைகளை மேல்நோக்கிச் சேர்த்துக் கட்டி, வைக்கோலும் சாக்கும் சுற்றி, வேரடியில் உலர்ந்த சருகு பரப்புவர். குருத்தில் நீர் தங்கவிடார். குளிர் தணிந்த நாள்களில் காற்றுப் புகுமாறு கட்டைத் தளர்த்துவர். குளிரினும் கொடியது குளிரோடு கூடிய ஈரம்.

தைல மரம் எனப்படும் யூகலிப்டசின் இயல்பு வேறு. அதன் பல இனங்களில் அடிமரத்தருகே மொட்டுகள் செறிந்த கிழங்கு போன்ற புடைப்பு உண்டு. தண்டு பட்டாலும் அதினின்று மீண்டும் துளிர்க்கும். தாசுமேனியாவின் மேட்டுநிலத்து இனமாகிய கன்னி யூகலிப்டசு இதற்குத் தக்க சான்று. ஸ்காட்லாந்தின் விட்டிங்கெம் தோட்டத்தில் 1850களில் நட்ட அவ்வின மரம் 1860இன் கடுங்குளிரில் தரைமட்டத்திற்குப் பட்டது; பின்னர் அடியினின்று துளிர்த்து மீண்டும் பெருமரமாயிற்று. ஒன்றிற்குக் குருத்தைக் காத்தல் வேண்டும்; மற்றொன்றிற்குப் பட்டதெனப் பிடுங்கி எறியாத பொறுமை வேண்டும்.

இவ்வரலாற்றின் இறுதி ஏடு எவரும் எதிர்பாராதது. சூசான் பனை சுவிட்சர்லாந்தின் தென்பகுதியாகிய டிச்சினோவில் தோட்டங்களைக் கடந்து காடுகளில் பரவியுள்ளது. பறவைகள் அதன் விதைகளை எடுத்துச் செல்கின்றன. குளிர் தணிந்த காலநிலை அதற்குத் துணை செய்கிறது. உள்நாட்டுச் செடிகளை அது நெருக்கி வாழ்வதால், 2024 செப்டம்பர் 1 முதல் அந்நாட்டில் அதன் விற்பனை தடைசெய்யப்பட்டது. ஒருகாலத்தில் தீமூட்டிக் காத்த விருந்தாளியை இன்று வாயிலில் தடுத்து நிறுத்துகின்றனர்.

மரத்தைப் பெயர்த்து நடுபவர், அது வந்த நிலத்தையும் அறிதல் வேண்டும்; அது நிற்கப்போகும் நிலத்தையும் அறிதல் வேண்டும். முன்னதை அறியாதபோது பனை கண்ணாடிக்குள் சிறைப்பட்டது. பின்னதை எண்ணாதபோது காடு நெருக்கடிக்குள்ளாயிற்று. திணையை வகுத்த நம் முன்னோர் நிலத்தை முதலில் வைத்து மரத்தை அதன்பின் வைத்தனர். அவ்வரிசையின் பொருள் மாணவர் நினைவில் நிற்கத்தக்கது.