பெரிய பழைய காரும் பின்னால் ஒரு வீடும்

பிரிட்டனில் கேரவன் விடுமுறை சாதாரணக் குடும்பங்களின் வழக்கமாக வேரூன்றியதில் பழைய பெரிய கார்களுக்குப் பெரும் பங்கு உண்டு. இந்தக் கேரவன், படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்களுக்காக நிற்கும் வண்டி அன்று. இன்ஜின் இல்லாமல், காரின் பின்புறக் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லப்படும் சிறு வீடு. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதற்குள் இருக்கும். அதை இழுக்க எடையும் வலுவும் உள்ள கார் தேவை. புதிதாக வாங்கும்போது அத்தகைய கார் ஆலைத் தொழிலாளிக்கோ பள்ளி ஆசிரியருக்கோ எட்டாத விலை. பத்து வயதானபின் எட்டிவிடும். பெரிய காரின் விலை அதன் உழைப்புத் திறனைவிட வேகமாக இறங்குகிறது. இழுக்கும் வலு அப்படியே இருக்க, விலை மட்டும் சரிந்துவிடும். அந்த இடைவெளியை உண்டாக்கியதில் கார் கம்பெனிகளைவிட அரசின் வரிச் சட்டங்களுக்கும் பெட்ரோல் விலைக்கும்தான் பங்கு அதிகம்.

தொடக்கத்தில் இது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு. ரோமானி மக்களும் ஊர் ஊராகக் கேளிக்கைக் காட்சி நடத்துவோரும் குதிரை இழுக்கும் வண்டி வீடுகளில் வாழ்ந்துவந்தார்கள். அதை உல்லாசப் பயணமாக மாற்றிய முன்னோடியாகச் சொல்லப்படுபவர் வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ். கடற்படை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்று, சிறுவர்களுக்குச் சாகசக் கதைகள் எழுதியவர். 1885-ல் பிரிஸ்டலில் ரயில் பெட்டி கட்டும் ஆலை ஒன்றில் அவருக்காக 'வாண்டரர்' என்ற வண்டி கட்டப்பட்டது. கிட்டத்தட்ட 2 டன் எடையுள்ள அதை இரண்டு குதிரைகள் இழுத்தன. பணியாள் ஒருவர் மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னே போய், எதிரே வருவோரை எச்சரித்தார். அந்த ஆண்டே தெற்கு இங்கிலாந்தின் ட்வைஃபோர்டிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரை ஸ்டேபிள்ஸ் பயணம் செய்தார். 1907-ல் கேரவன் கிளப் தொடங்கியபோது அவர் அதன் துணைத் தலைவரானார்.

காருக்குப் பின்னால் இழுக்கும் கேரவனை விற்பனைக்காகச் செய்யத் தொடங்கியது 1919-ல் பர்மிங்காமில். ரைலி குடும்பத்தின் எக்லஸ் நிறுவனம் அந்தத் தொழிலை நிலைநிறுத்தியது. குதிரைக்குப் பதில் கார் வந்தவுடனே எந்தக் கார் இதை இழுக்கும் என்ற கேள்வியும் வந்துவிட்டது.

அதற்கு விடை சொல்வதில் வரித்துறை சீக்கிரமே நுழைந்தது. 1921 முதல் பிரிட்டனில் காருக்கான ஆண்டு வரி, குதிரைத்திறன் ஒன்றுக்கு 1 பவுண்டு. இந்தக் குதிரைத்திறன் இன்ஜின் உண்மையில் தரும் வலு அன்று. சிலிண்டரின் விட்டத்தையும் எண்ணிக்கையையும் வைத்துக் காகிதத்தில் கணக்கிட்ட அளவு. அகன்ற சிலிண்டர்கள் கொண்ட ஃபோர்டு மாடல் டி காருக்கு ஆண்டுக்கு 23 பவுண்டு கட்ட வேண்டியிருந்தது. உள்நாட்டுக் கம்பெனிகள் குறுகிய சிலிண்டர் கொண்ட சின்ன கார்களின் பக்கம் சாய்ந்தன. பெரிய கார் பழசானாலும் அதன் வரி குறையவில்லை, அதனால் வாங்க ஆளும் குறைந்தது, விலையும் விழுந்தது. ஆண்டு வரியைப் பொறுத்துக்கொள்ள முடிந்தவருக்கு, சொற்ப விலையில் பெரிய இன்ஜின் கிடைத்தது. கேரவன் இழுக்கும் கார் அக்காலத்தில் மணிக்கு 30 மைலுக்கு மேல் போகக் கூடாது என்பதால் வேகம் ஒரு பொருட்டே அல்ல.

1938-ல் சம்பளத்துடன் கூடிய விடுமுறைச் சட்டம் வந்தது. உலகப் போரால் அதன் பலன் தள்ளிப்போனது. பெட்ரோல் ரேஷன் 1950 மே மாதம்தான் முடிந்தது. அதற்குள் இரண்டு மாற்றங்கள் நடந்திருந்தன. 1948-ல் புதிய கார்களுக்குக் குதிரைத்திறன் வரி ஒழிந்து, எல்லாவற்றுக்கும் ஒரே சீராக 10 பவுண்டு என்றானது. ஆகவே அதற்குப் பின் வந்த பெரிய கார்கள் பழசாகி இரண்டாம் கைக்குப் போனபோது, வாங்குபவருக்கு வரிச் சுமையும் கூடவில்லை. இன்னொன்று, சாம் ஆல்ப்பர் என்பவர் ஸ்பிரைட் என்ற பெயரில் மலிவான, எடை குறைந்த கேரவன்களைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது. எக்லஸ் பிறகு ஸ்பிரைட்டின் கைக்கே வந்தது. 1963-ல் இரண்டும் சேர்ந்து கேரவன்ஸ் இன்டர்நேஷனல் ஆயின. ஹல் நகரைச் சுற்றியுள்ள கிழக்கு யார்க்‌ஷயர் பகுதியும் இத்தொழிலின் தலைமையிடமாக வளர்ந்தது.

தங்க இடம் தந்தது 1960-ஆம் ஆண்டுச் சட்டம். கேரவன் தளங்களுக்கு உரிமம் கட்டாயம் என்று சொன்ன அதே சட்டம், அங்கீகாரம் பெற்ற கிளப்கள் சான்றளித்தால் ஒரு விவசாயி தன் நிலத்தில் 5 கேரவன்கள் வரை உரிமமின்றி நிறுத்தவிடலாம் என்று வழிவிட்டது. கிராமப்புறமெங்கும் வயலோரங்களில் குறைந்த வாடகைக்கு இடம் கிடைத்தது. பணக்காரர்களின் பொழுதுபோக்கைப் பொதுவழக்கமாக்கியதில் இந்த ஒரு விதிவிலக்குக்கு உள்ள இடம் மிகப் பெரிது.

பெரிய கார்தான் ஏன் வேண்டும் என்பதற்கு எடையே முதல் காரணம். கேரவனின் எடை, காரின் எடையில் 85 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று புதியவர்களுக்குக் கிளப்கள் அறிவுரை சொல்கின்றன. இது சட்டமல்ல, அனுபவம் கற்றுத்தந்த எல்லை. பக்கவாட்டுக் காற்றிலோ, கடந்து போகும் லாரி தள்ளும் காற்றிலோ கேரவன் பாம்புபோல் நெளிய ஆரம்பித்தால், எடை குறைந்த காரை அது பின்னாலிருந்து ஆட்டிவிடும். சில நொடிகளில் இரண்டும் மடங்கிக் கவிழக்கூடும். கனமான கார், அதிலும் முன் பின் சக்கரங்களுக்கு இடையே நீளம் அதிகமான கார், அந்த ஆட்டத்தை அடக்கிக்கொள்ளும். கொக்கியின் மேல் அழுத்தும் எடையும் முக்கியம். கேரவன் எடையில் 5 முதல் 7 சதவீதம் வரை அங்கே இறங்க வேண்டும். குறைந்தால் ஆட்டம் கூடும். மிகுந்தால் காரின் பின்புறம் தாழ்ந்து முன்சக்கரங்களின் பிடி தளரும்.

இரண்டாவது காரணம் இன்ஜின். ஏற்றத்தில் நின்ற வண்டியைக் கிளப்புவதற்கு உச்ச வேகத்தில் கிடைக்கும் குதிரைத்திறன் உதவாது. மெதுவாகச் சுழலும்போதே கிடைக்கும் முறுக்குவிசை வேண்டும். அது பெரிய இன்ஜின்களில் இயல்பாகவே இருந்தது. வடக்கு யார்க்‌ஷயரில் தர்ஸ்க்கிலிருந்து ஸ்கார்பரோ கடற்கரைக்குப் போகும் சாலையில் சட்டன் பேங்க் என்ற ஏற்றம் உண்டு. நாலுக்கு ஒன்று என்ற சரிவு. வலுப்போதாத வண்டிகள் அங்கே நின்று வழியை அடைத்ததால் கேரவன்கள் அதில் ஏறக் கூடாது என்று தடையே போட்டார்கள், சுற்றிப் போகும் வழியைத்தான் பிடிக்க வேண்டும். சின்ன காரின் கிளட்ச் இத்தகைய ஏற்றங்களில் கருகும். பெரிய கார்களில் பரவலாக இருந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் நின்ற இடத்திலிருந்து மெதுவாக இழுத்துக் கிளம்ப உதவியது. ஆனால் அதன் எண்ணெய் சூடேறும் என்பதால் விவரம் அறிந்தவர்கள் தனியாக ஒரு ஆயில் கூலர் பொருத்திக்கொண்டார்கள்.

இந்த வழக்கத்தின் பொற்காலம் ஒரு நெருக்கடியில் பிறந்தது. 1973 அக்டோபரில் எண்ணெய் விலை ஏறத் தொடங்கியது. பிரிட்டிஷ் அரசு ரேஷன் கூப்பன்களை அச்சிட்டு வைத்தது, அவை கடைசிவரை பயன்படவில்லை. டிசம்பரில் எல்லாச் சாலைகளிலும் வேக வரம்பு மணிக்கு 50 மைலானது. பெரிய கார் வைத்திருந்தவர்கள் அவற்றைத் தள்ளிவிட முண்டியடித்தார்கள். ஆறு சிலிண்டர், எட்டு சிலிண்டர் கார்கள் சின்ன கார்களின் விலைக்கும் கீழே இறங்கின. 1979-ல் இன்னொரு எண்ணெய் நெருக்கடி அதே சரிவை மறுபடி நிகழ்த்தியது. தினமும் நெடுந்தூரம் ஓட்டுபவருக்குத்தான் பெட்ரோல் செலவு வினை. ஆண்டுக்குச் சில வாரங்கள் கேரவன் இழுத்து, மீதி நாட்களில் குறைவாக ஓட்டுபவருக்கு, விலையில் மிச்சமான தொகை பல ஆண்டு பெட்ரோலுக்குக் காணும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த குடும்பங்கள்தான் பயனடைந்தன.

அதே பத்தாண்டில் இன்னொரு ஊற்றும் திறந்தது. சம்பள உயர்வுக்கு அரசு கட்டுப்பாடு விதித்திருந்ததால், கம்பெனிகள் அதிகாரிகளுக்குச் சம்பள உயர்வுக்குப் பதில் கார் கொடுத்தன. பதவி உயர உயரக் காரின் அளவும் உயர்ந்தது. மூன்று ஆண்டு ஓடியதும் அவை ஏலத்துக்குப் போயின. சொந்தப் பணம் போட்டுப் புதிதாக வாங்குவோர் குறைவாக இருந்த ஒரு ரகத்தில் ஆண்டுதோறும் புதுக் கார்கள் இறங்கி, பழையவை கொத்துக் கொத்தாகச் சந்தைக்கு வந்தன. தேவையைவிட வரத்து மிகுந்ததால் விலை நிற்கவே இல்லை.

அப்படி வந்தவற்றுள் ஃபோர்டு கிரனாடா, 1972-ல் தொடங்கி ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குக் கேரவன்காரர்களின் காராகவே அறியப்பட்டது. 1976-ல் வந்த ரோவர் எஸ்டி1 காரின் 3,528 சிசி வி8 இன்ஜின், 1970-ல் வெளியான ரேஞ்ச் ரோவரிலும் இருந்த அதே இன்ஜின். அதனால் உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லை. 1974 முதல் 1993 வரை சுமார் 28 லட்சம் எண்ணிக்கையில் உருவான வால்வோ 240-ன், சரக்குக்காகப் பின்புறம் நீண்ட எஸ்டேட் வகையில் குடும்பத்தின் மூட்டை முடிச்சு அனைத்தும் அடங்கும். சிட்ரோயன் டிஎஸ், சிஎக்ஸ் கார்களின் எண்ணெய் அழுத்த சஸ்பென்ஷன், கொக்கியில் எவ்வளவு எடை இறங்கினாலும் பின்புறத்தைத் தானாகவே சமமாக உயர்த்திக்கொள்ளும். இழுவைக்கு அதைவிட இதமான ஏற்பாடு அக்காலக் கார்களில் வேறில்லை. ஆனால் அதைப் பழுதுபார்க்கத் தெரிந்த மெக்கானிக் அரிது என்பதால் சிட்ரோயன் விலை இன்னும் கீழே கிடந்தது.

கேரவன் தொழில் இதே காலத்தில் அடிவாங்கியது. 1973-ல் வந்த மதிப்புக் கூட்டு வரியும் அடுத்தடுத்த மந்தநிலையும், மலிவு விமானத்தில் ஸ்பெயின் போகும் பழக்கமும் சேர்ந்து தாக்கியதில் கேரவன்ஸ் இன்டர்நேஷனல் 1982-ல் விழுந்தது. ஆனால் பழைய கேரவன்கள் அழியவில்லை. பழைய காரும் பழைய கேரவனும் சேர்ந்து, ஒரு குடும்பம் வெளிநாட்டுச் சுற்றுலாவுக்குக் கட்டும் தொகைக்கே கிடைத்தன.

இப்படி வாங்கியதை ஓட வைத்தது வீட்டு வாசலில் நடந்த உழைப்பு. 1966-ல் ஜான் ஹெய்ன்ஸ் முதல் பழுதுநீக்கக் கையேட்டை வெளியிட்டார். ஒரு காரை முழுதாகப் பிரித்து, மறுபடி பூட்டி, படமெடுத்துத் தயாரிக்கும் அந்த முறை மெக்கானிக் அல்லாதவர்களுக்கும் துணிவு தந்தது. பழைய கார்களைப் பிரித்து விற்கும் யார்டுகளில் கியர்பாக்ஸ் முதல் கதவுப்பிடி வரை கிடைத்தது. பெரிய எதிரி துரு. 1960-ல் பத்து வயதான கார்களுக்கு வந்த கட்டாயத் தகுதிச் சோதனை, 1967 முதல் மூன்று வயதிலேயே தொடங்கியது. கொக்கி பொருத்தும் இடத்தில் அடித்தகடு அரித்திருந்தால் சான்று கிடைக்காது. வெல்டிங் தெரிந்தவருக்கு அது ஒரு வார இறுதி வேலை, தெரியாதவருக்குக் காரின் முடிவு. 1993-ல் ஜேம்ஸ் ரப்பர்ட் எழுதிய 'பேங்கர்னாமிக்ஸ்' என்ற நூல், மலிவான பழைய காரை வாங்கி, அது ஓயும்வரை ஓட்டுவதை ஒரு முறையான சிக்கனமாக வகுத்துக் காட்டியது. கேரவன்காரர்கள் வெகுகாலமாகச் செய்துவந்ததுதான் அது. வரி குறைந்த எல்பிஜி வாயு பரவலாகக் கிடைக்கத் தொடங்கியபின், வி8 கார்களை அதற்கு மாற்றியவர்கள் எரிபொருள் செலவையும் கணிசமாகக் குறைத்தார்கள்.

பிறகு சட்டங்கள் எதிர்ப்பக்கம் திரும்பின. 1997 ஜனவரி 1-க்குப் பின் உரிமம் பெற்றவர்கள், காரும் கேரவனும் சேர்ந்து 3,500 கிலோவைத் தாண்டினால் தனி ஓட்டுநர் தேர்வில் தேற வேண்டும் என்றானது. பெரிய கார், பெரிய கேரவன் என்ற சேர்க்கை இளைஞர்களுக்கு ஏறத்தாழ அடைபட்டது. 2021 டிசம்பர் 16-ல் இந்த விதி நீங்கியபோது கால் நூற்றாண்டு போய்விட்டிருந்தது. 2001 மார்ச் முதல் சாலை வரி கரியமில வாயுவின் அளவைப் பொறுத்ததாயிற்று. 2006 மார்ச் 23-க்குப் பின் பதிவான அதிகப் புகைக் கார்களுக்கு வரி கூர்மையாக ஏறியது. 2009-ல், பத்து வயதுக்கு மேற்பட்ட காரை நொறுக்கக் கொடுத்துப் புதிது வாங்கினால் 2,000 பவுண்டு என்ற திட்டம் வந்தது. ஒரே ஆண்டில் ஏறத்தாழ 4 லட்சம் கார்கள் ஒழிந்தன. இன்னும் பல ஆண்டு கேரவன் இழுத்திருக்கக்கூடிய எத்தனையோ வண்டிகள் அதில் போனது உண்மையிலேயே வருத்தத்துக்குரியது. 2019-ல் லண்டனின் மையத்தில் தொடங்கிய தூய காற்று மண்டலம் 2023 ஆகஸ்டில் நகர் முழுதும் விரிந்தது. விதிக்குப் பொருந்தாத காருக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண்டு கட்ட வேண்டும்.

வரத்தும் வற்றியது. ஃபோர்டு ஸ்கார்ப்பியோ 1998-லும் வாக்ஸால் ஒமேகா 2003-லும் வாரிசின்றி நின்றன. அவற்றின் இடத்தைப் பிடித்த ஜெர்மன் கார்களிலும் எஸ்யூவிகளிலும் பழுது மின்னணுப் பெட்டிகளுக்குள் ஒளிந்திருக்கிறது, வீட்டு வாசலில் ஸ்பேனரால் தீராது. காலம் கடந்து பிழைத்த கிரனாடாக்களும் எஸ்டி1-களும் சேகரிப்பாளர்கள் கைக்குப் போய்விட்டன. 40 வயதைத் தாண்டிய கார்களுக்குச் சாலை வரி விலக்கு உண்டு. 2001-க்கும் 2006-க்கும் இடைப்பட்ட பெரிய பெட்ரோல் கார்களே இன்றைய சிக்கனக்காரரின் கையில் மிஞ்சியிருப்பவை, அவற்றுக்கு அந்த விலக்கு 2041-க்கு முன் கிடைக்காது.