பயப்படாத நாய்தான் முதலில் மாட்டும்

காலை ஆறரை மணிக்கு எங்கள் தெருவுக்கு நாய் வண்டி வந்தது. வலையோடு மூன்று பேர், நோட்டோடு ஒரு சூப்பர்வைசர். தெருவில் காது வெட்டுப்படாத நாய்கள் இரண்டே இரண்டுதான். கருத்தடை செய்த நாய்க்கு அடையாளமாகக் காது நுனியில் சின்னதாக வெட்டிவிடுவார்கள், தெரியுமில்லையா? அந்த வெட்டு இல்லாத ஒன்று மணி. எல்லார் வீட்டு பிஸ்கட்டும் தின்று வளர்ந்தவன். இன்னொன்று, காலி மனையில் இரண்டு வருடமாகக் குட்டி போட்டு வரும் கறுப்புப் பெட்டை. ஆள் நிழலைக் கண்டாலே முள்ளுக்குள் போய்விடும்.

மணி வாலை ஆட்டிக்கொண்டு அவனாகவே வண்டிப் பக்கம் போனான். வலையே தேவைப்படவில்லை.

"கறுப்பைப் பிடிக்கலையாண்ணே?" என்று கேட்டேன்.

"அது மாட்டாது சார். நாலு தடவை வந்துட்டோம். அது பின்னாடி ஓடினா ஒரு மணி நேரம் போயிடும். அந்த நேரத்துல அடுத்த தெருவுல அஞ்சு பிடிச்சிடலாம். மேல கேக்கறது எண்ணிக்கைதானே" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் வேலை பார்க்கிற மென்பொருள் துறையில் இது தினப்படிக் கதை. முன்பு ஒரு டீமில் இருந்தபோது, ஆளுக்கு எத்தனை டிக்கெட் மூடினார்கள் என்பதை வைத்து மதிப்பெண் போட்டார்கள். எழுத்துப்பிழை, பட்டன் நிறம் எல்லாம் மளமளவென்று மூடப்பட்டன. எப்போதாவது ஒருமுறை வாடிக்கையாளரின் பணத்தை இரண்டு தடவை எடுத்துவிடும் ஒரு பிழை மட்டும் ஏழு மாதம் அப்படியே கிடந்தது. அது எங்களுடைய கறுப்புப் பெட்டை. அதை யாரும் துரத்தவில்லை. நானும்தான்.

அன்றைக்கு ஆரம்பித்த யோசனையில், நகரங்கள் நாய் பிடித்த வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். முதலில் கையில் கிடைத்தது ஒரு கலவரம்.

1832ஆம் வருடம் ஜூன் 6. பம்பாய், கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி. தெருநாய்களைக் கொல்ல அனுமதிக்கும் விதி அங்கே 1813லேயே வந்துவிட்டது. வெயில் காலத்தில் வெறிநாய் பயம் அதிகம் என்பதால் குறிப்பிட்ட மாதங்களில் மட்டும் கொல்லலாம் என்று ஏற்பாடு. 1832ல் அந்தக் கெடுவை நீட்டித்தார்கள். கொன்ற ஒவ்வொரு நாய்க்கும் எட்டு அணா வெகுமதி. அந்தக் காலத்தில் எட்டு அணா என்பது ஒரு கூலிக்காரருக்குச் சாதாரணக் காசு இல்லை.

இப்போது நாய் பிடிக்கிறவர் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். வெறிபிடித்த நாய் ஆபத்து. ஓடுகிற நாய் கஷ்டம். கையெட்டும் தூரத்தில் இருப்பது எது? வாசல் திண்ணையில் படுத்திருக்கும் வீட்டு நாய். எட்டு அணா எல்லா நாய்க்கும் ஒன்றுதான். பிடிக்கிறவர்கள் வீடுகளுக்குள்ளேயே புகுந்து நாயை இழுத்துப் போனார்கள்.

பார்சிகளுக்கு நாய் வெறும் காவல் பிராணி இல்லை. ஒருவர் இறந்தால் உடலை நாயின் பார்வை படும்படி வைக்கும் சடங்கு அவர்களுக்கு உண்டு. ஜூன் 6 அவர்களுக்குப் புனித நாள் வேறு. சுமார் இருநூறு பார்சிகள் கூடி, நாய் பிடிக்க வந்த கான்ஸ்டபிள்களைத் தாக்கினார்கள். மறுநாள் கடையடைப்பு. இந்துக்கள், ஜைனர்கள், இஸ்மாயிலி முஸ்லிம்கள் என்று பலரும் சேர்ந்துகொண்டார்கள். கொலாபாவில் இருந்த சிப்பாய்களுக்குப் போக வேண்டிய சாப்பாட்டுச் சாமான்களைக்கூட மறித்தார்கள். கடைசியில் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் போன்ற பெரிய வணிகர்கள் நடுவில் புகுந்து பேசினார்கள். நாய்களைக் கொல்லாமல் ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடுவது என்று அரசு இறங்கி வந்தது.

இதை 'மத உணர்வு புண்பட்டது' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் விதி வந்து பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. பார்சிகளின் மதம் புதிதாக 1832ல் வந்ததல்ல. வீட்டு வாசலைத் தாண்டிக் கை உள்ளே வந்ததுதான் புதுசு. அந்தக் கையை உள்ளே தள்ளியது எட்டு அணா.

இது காலனிக்கார புத்தி என்று நினைத்தேன். அப்புறம் நியூயார்க்கைப் பற்றிப் படித்தேன். அங்கேயும் 19ஆம் நூற்றாண்டின் நடுவில், கோடை வந்தால் பிடித்துக் கொடுக்கும் நாய்க்கு இவ்வளவு என்று நகராட்சி காசு கொடுத்தது. தெருப் பையன்களுக்கு அது நல்ல வருமானம். அவர்கள் வெறிநாயைத் தேடிப் போகவில்லை. வளர்ப்பு நாய்களைத் திருடினார்கள். சேர்ந்த நாய்களை இரும்புக் கூண்டில் அடைத்து, கிரேனால் ஈஸ்ட் நதிக்குள் இறக்கி மூழ்கடித்தார்கள். 1877 ஜூலை 5 அன்று ஒரே நாளில் 762 நாய்கள். எவ்வளவு துல்லியமான கணக்கு பாருங்கள்! அந்த 762ல் எத்தனை வெறி பிடித்தவை என்ற கேள்விக்கு மட்டும் அந்தக் கணக்கில் கட்டமே இல்லை.

அன்றைய மக்களைச் சுலபமாகக் குறை சொல்லவும் முடியாது. பாஸ்டரின் வெறிநாய்க்கடித் தடுப்பூசி 1885ல்தான் முதன்முதலாக ஒரு சிறுவனுக்குப் போடப்பட்டது. அதற்கு முன் கடிபட்டவருக்கு நோய் வருமா வராதா என்று காத்திருப்பதைத் தவிர வழியில்லை. வந்தால் சாவுதான். பயம் நியாயமானது. பயத்தை எண்ணிக்கையாக மாற்றிய விதம்தான் கோணல்.

சரி, பிடிக்கிறவரை நம்ப முடியவில்லை என்றால் அத்தாட்சி கேட்கலாமே? மேலதிகாரிகளுக்குத் தோன்றும் அடுத்த யோசனை அதுதான். நாய்க்குப் பதில் எலி என்றாலும் அதன் கதையையும் சொல்லியாக வேண்டும். 1902ல் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஹனோயில், அவர்களே பெருமையாகக் கட்டிய பாதாளச் சாக்கடை எலிகளின் மாளிகையாகிவிட்டது. பிளேக் பயம். கூலிக்கு ஆள் வைத்தார்கள். ஒரு நாளில் இருபதாயிரத்துக்கு மேல் எலி கொன்றதாகக்கூடக் கணக்கு வந்தது. போதவில்லை. பொதுமக்களும் பிடிக்கலாம், வாலைக் கொண்டுவந்தால் வால் ஒன்றுக்கு ஒரு சென்ட் என்று அறிவித்தார்கள். வால்கள் வந்து குவிந்தன. கொஞ்ச நாளில் ஊருக்குள் வாலில்லாத எலிகள் ஓடிக்கொண்டிருந்தன. எலியைக் கொன்றால் அடுத்த குட்டிக்கு எங்கே போவது? புறநகரில் எலிப்பண்ணைகளே முளைத்தன. திட்டத்தைக் கைவிட்டார்கள்.

நம் ஊருக்கு வருவோம். சென்னையில் நாய்களைப் பிடித்துக் கொல்வது 1860ல் தொடங்கியது என்றும், 1990களின் நடுவில் ஒரு நாளைக்கு 135 நாய்கள்வரை மின்சாரம் பாய்ச்சிக் கொல்லப்பட்டன என்றும் ப்ளூ கிராஸ் அமைப்பு சொல்கிறது. கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்யலாம் என்று அவர்கள் 1964லிருந்து கேட்டு, 1996ல்தான் மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது. நூறு வருடத்துக்கு மேல் கொன்றும் நாய் குறையவில்லை என்பதுதான் அவர்களுடைய வலுவான வாதம். 2001ல் மத்திய அரசின் விதிகள் வந்தன. 2023ல் புதிய விதிகள். பிடி, கருத்தடை செய், தடுப்பூசி போடு, பிடித்த இடத்திலேயே விடு. நாகரிகமான மாற்றம். சந்தேகமில்லை.

ஆனால் கணக்கு மட்டும் பழைய கணக்குதான். பல ஊர்களில் இந்த வேலையை எடுத்துச் செய்யும் அமைப்புக்கு நாய் ஒன்றுக்கு இவ்வளவு என்றுதான் பணம். பொய்க் கணக்கைத் தடுக்க, அறுவை சிகிச்சையில் அகற்றிய உறுப்புகளைப் பாதுகாத்து வைத்து, கண்காணிப்புக் குழு எண்ணிப் பார்க்க வேண்டும் என்று நடைமுறை இருக்கிறது. இதைப் படித்தபோது ஹனோய் வால்கள் ஞாபகத்துக்கு வந்தன. வாலை வெட்டிவிட்டு எலியை விடலாம். கருப்பையை அப்படி ஏமாற்ற முடியாது என்பது உண்மை. அந்த அளவுக்கு இது நல்ல அத்தாட்சி. ஆனால் அது சொல்வது ஒன்றே ஒன்றைத்தான்: எத்தனை நாய்க்குச் செய்தோம். எந்தத் தெருவில் எத்தனை பாக்கி என்று அது சொல்லாது.

விஷயமே பாக்கியில்தான் இருக்கிறது. ஒரு பகுதியின் நாய்களில் 70 சதவீதத்துக்காவது தடுப்பூசி போட்டால்தான் வெறிநோய் பரவுவது நிற்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது எண்ணிக்கை இல்லை, விகிதம். நூறு தெருக்களில் தலைக்கு ஒரு மணியைப் பிடித்தால் நோட்டில் நூறு என்று வரும். நோய்க்கு ஒரு தடையும் இல்லை. ஒரே தெருவில் கடைசி மூன்றையும் பிடித்தால் நோட்டில் மூன்றுதான். ஆனால் அந்தத் தெரு முடிந்தது. குட்டி விஷயத்திலும் அப்படித்தான். பத்து மணிகளுக்கு அறுவை செய்தாலும், பிடிபடாத ஒரு பெட்டை போதும், ஊரை நிரப்ப.

2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் டெல்லிப் பகுதியின் தெருநாய்கள் எல்லாவற்றையும் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. ஆகஸ்ட் 22 அன்று, வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றைக் கருத்தடையும் ஊசியும் போட்டுத் திரும்ப விடலாம் என்று மாற்றியது. அந்தப் பதினோரு நாளும் இணையத்தில் நாய்ப் பிரியர்களும் நாய்க்கடிபட்டவர்களும் கட்டிப் புரண்டார்கள். நானும் படித்தேன், கோபப்பட்டேன். வலை பிடிக்கிறவரின் நாளில் எத்தனை மணி நேரம், அவருடைய சூப்பர்வைசரிடம் சாயங்காலம் என்ன கேட்கிறார்கள் என்று அந்தச் சண்டையில் யாரும் பேசி நான் பார்க்கவில்லை. எந்தத் தீர்ப்பும் கடைசியில் அந்த நோட்டு வழியாகத்தான் தெருவுக்கு வரும்.

ஐந்தாம் நாள் மணியைக் கொண்டுவந்து விட்டார்கள். காதில் வெட்டு. இப்போது வண்டிச் சத்தம் கேட்டாலே கார் அடியில் போய் ஒளிகிறான்.

அடுத்த வாரம் அதே சூப்பர்வைசரைச் சாயங்காலத்தில் பார்த்தேன். வண்டி இல்லை, யூனிபார்ம் இல்லை, சொந்த பைக். எங்கள் தெரு பூக்கார அம்மா தினமும் அந்தக் கறுப்புக்குச் சோறு வைப்பார். அவர் பக்கத்தில் கீழே உட்கார்ந்து இவரும் பொறை பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். மறுநாளும் வந்தார். மூன்றாம் நாள் காலை ஆட்களோடு வந்து, அம்மா சோறு வைத்ததும் அலுங்காமல் பிடித்துவிட்டார்கள். வேறு நாய் எதுவும் அன்றைக்கு வண்டியில் இல்லை.

"இன்னிக்கு ஒண்ணுதானா? ஆபீஸ்ல கேக்க மாட்டாங்களா?" என்றேன்.

நோட்டை மூடி சட்டைப் பைக்குள் வைத்தார்.

"வண்டி ரிப்பேர்னு எழுதிட்டேன் சார்."