விண்டோஸா, லினக்ஸா? லண்டன் பங்குச் சந்தை கற்ற பாடம்

பல ஆண்டுகளுக்கு முன்னர் நான் பணியாற்றிய பத்திரிகைக் காரியாலயம் ஒன்றில் ஒரு நள்ளிரவு, பக்கங்கள் யாவும் சேமிக்கப்பட்டிருந்த வழங்கிக் கணினி திடீரென உறங்கிவிட்டது. அச்சகத்தில் இயந்திரம் காத்திருந்தது. யாழ்ப்பாணத்திற்கும் மட்டக்களப்பிற்கும் பத்திரிகைக் கட்டுகளை ஏற்றிச் செல்ல வேண்டிய வாகனங்கள் வாசலில் நின்றன. நாங்கள் அச்சுத்தாளில் எடுத்து வைத்திருந்த மெய்ப்புப் பிரதிகளைக் கொண்டு பக்கங்களை மீண்டும் தட்டச்சு செய்து, விடிந்த பின்னரே பத்திரிகையை வெளியேற்றினோம்.

மறுநாள் கூட்டத்தில் ஒரு சாரார், "விண்டோஸை நம்பினால் இப்படித்தான், லினக்ஸுக்கு மாறுவோம்" என்றனர். கணக்காளரோ, "லினக்ஸ் தெரிந்த ஆளை எங்கே தேடுவது? அவருக்கு எவ்வளவு சம்பளம் கொடுப்பது?" என்று கேட்டார். இரண்டு மணித்தியாலங்கள் வாதம் நடைபெற்றது. அந்த வழங்கியை நிறுவியவர் ஓராண்டுக்கு முன்னரே கனடாவுக்குப் புலம்பெயர்ந்துவிட்டார் என்பதையும், அதன் உள்விவகாரம் அறிந்தவர் எவரும் காரியாலயத்தில் இல்லை என்பதையும் அன்று எவரும் பேசவில்லை.

இதே வாதம் உலகின் மிகப் பழைமையான பங்குச் சந்தைகளுள் ஒன்றான லண்டன் பங்குச் சந்தையிலும் எழுந்தது. அங்கே பணயமாக வைக்கப்பட்டது ஓர் இரவின் பத்திரிகையல்ல. ஒரு நாட்டின் மூலதனச் சந்தை. அந்த வரலாற்றில் நமது தீவுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதனால் அதனை இங்கே எழுத விரும்புகிறேன்.

மூன்று முகாம்கள்

இயங்குதளம் என்பது கணினியின் நினைவகத்தையும், செயலியின் நேரத்தையும், வட்டையும், வலையமைப்பையும் ஏனைய மென்பொருள்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் அடிப்படை மென்பொருள். 2000ஆம் ஆண்டளவில் பெரு நிறுவனங்களின் வழங்கிகளுக்காகப் பிரதானமாக மூன்று முகாம்கள் போட்டியிட்டன.

முதலாவது, 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பிறந்த யுனிக்ஸின் வழித்தோன்றல்கள். சன் நிறுவனத்தின் சொலாரிஸ், ஐ.பி.எம்மின் ஏ.ஐ.எக்ஸ், எச்.பி.யின் எச்.பி.யு.எக்ஸ் ஆகியன அவற்றுள் முக்கியமானவை. இவை உறுதியானவை எனப் பெயர் பெற்றவை. ஆனால் பெரும்பாலும் அந்தந்த நிறுவனத்தின் விலையுயர்ந்த இயந்திரங்களோடு பிணைக்கப்பட்டவை. இரண்டாவது, 1993இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி.யிலிருந்து வளர்ந்த மைக்ரோசொப்டின் வழங்கிப் பதிப்புகள். சாதாரண இன்டெல் வகை இயந்திரங்களில் இயங்கக்கூடியவை என்பதும், பழகிய திரையும் பயிற்றப்பட்ட ஆட்களும் எங்கும் கிடைத்தார்கள் என்பதும் அவற்றின் பலம். மூன்றாவது, 1991இல் பின்லாந்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கிவைத்த லினக்ஸ். அதன் மூலநிரலை எவரும் வாசிக்கலாம், திருத்தலாம். ரெட் ஹற், சூசே போன்ற நிறுவனங்கள் அதற்கான பராமரிப்பையும் உத்தரவாதத்தையும் சந்தாவாக விற்றன.

லினக்ஸின் வளர்ச்சியைக் கண்ட மைக்ரோசொப்ட், 2004ஆம் ஆண்டு 'உண்மைகளை அறியுங்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் பெரும் விளம்பர இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. மொத்தச் செலவிலும் நம்பகத்தன்மையிலும் விண்டோஸே மேலானது என்பது அதன் வாதம். அதற்கு ஒரு பெரிய சாட்சி தேவைப்பட்டது. லண்டன் பங்குச் சந்தை அந்தச் சாட்சியாக அமைந்தது.

விளம்பரமும் விதியும்

லண்டன் பங்குச் சந்தை 2005இல், விலைத் தகவல்களை உலகெங்கும் அனுப்பும் 'இன்போலெக்ட்' முறைமையை விண்டோஸ் சேர்வர் 2003 இயங்குதளத்தின் மீது நிறுவியது. லினக்ஸை விட நம்பகமானது என்பதால் லண்டன் சந்தை விண்டோஸைத் தேர்ந்தது என்ற கருத்தில் விளம்பரங்கள் வெளியாகின. 2007 ஜூன் 18ஆம் திகதி, கொடுக்கல் வாங்கலையே நடத்தும் 'ட்ரேட்எலெக்ட்' முறைமையும் அதே அடித்தளத்தில் செயற்படத் தொடங்கியது. அக்சென்சர் நிறுவனம் மைக்ரோசொப்டின் டொட் நெற் தொழில்நுட்பத்தைக் கொண்டு அதனை உருவாக்கியிருந்தது.

பதினைந்து மாதங்கள் கழிந்தன. 2008 செப்டெம்பர் 7ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்க அரசாங்கம் பெனி மே, பிரெடி மக் ஆகிய இரு வீட்டுக்கடன் நிறுவனங்களையும் தன் கட்டுப்பாட்டில் எடுத்தது. திங்கட்கிழமை காலை உலகச் சந்தைகள் துள்ளி எழுந்தன. வங்கிப் பங்குகளை வாங்கவும் விற்கவும் தரகர்கள் முண்டியடித்த அந்த நாளிலேயே லண்டன் சந்தை நின்றுபோயிற்று. ஏறக்குறைய ஏழு மணித்தியாலங்கள் வியாபாரம் நடைபெறவில்லை. அதே முறைமையைப் பயன்படுத்திய தென்னாபிரிக்காவின் ஜொகன்னஸ்பேர்க் பங்குச் சந்தையும் கூடவே முடங்கியது.

லினக்ஸ் ஆதரவாளர்கள் இதனைக் கொண்டாடினார்கள் என்றே கூறவேண்டும். மைக்ரோசொப்டின் விளம்பரச் சாட்சியே விழுந்துவிட்டதே! ஆனால் ஒரு பத்திரிகையாளன் இவ்விடத்தில் நின்று நிதானிக்க வேண்டும். அன்றைய முடக்கத்திற்கு விண்டோஸ்தான் காரணம் என்று சந்தை நிர்வாகம் கூறவில்லை. இயங்குதளத்தின் மேல் தரவுத்தளம், அதன் மேல் டொட் நெற், அதன் மேல் அக்சென்சரின் நிரல், இவற்றை இணைக்கும் வலையமைப்பு எனப் பல அடுக்குகள் உள்ளன. விழுந்த அடுக்கு எதுவென்று வெளியிலிருந்து சொல்வது எளிதன்று.

உண்மையில் லண்டன் சந்தையை நெருக்கிய பிரச்சினை வேறொன்று. 2007 மார்ச்சில் 'சை-எக்ஸ்' என்ற புதிய மின்னணுச் சந்தை ஐரோப்பாவில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்ட ஏற்பாடுகள் பழைய சந்தைகளின் தனியுரிமையை உடைத்தன. கணினிகளே கணினிகளோடு வியாபாரம் செய்யும் காலம் வந்துவிட்டது. ட்ரேட்எலெக்ட் ஒரு கட்டளைக்குப் பதிலளிக்கச் சில மில்லிசெக்கன்கள் எடுத்தது. புதிய போட்டியாளர்களோ ஒரு மில்லிசெக்கனுக்கும் குறைவான நேரத்தில் பதிலளித்தனர். மனிதனுக்கு இது கண்ணிமைக்கும் நேரத்தின் சிறு துளி. இயந்திரத்திற்கு அதுவே இலாபத்திற்கும் நட்டத்திற்கும் இடையிலான தூரம்.

மாலபேயிலிருந்து ஓர் இயந்திரம்

2009 மே மாதத்தில் சேவியர் ரோலே லண்டன் பங்குச் சந்தையின் பிரதம நிறைவேற்று அதிகாரியாகப் பொறுப்பேற்றார். ட்ரேட்எலெக்டைத் திருத்துவதா, மாற்றுவதா என்ற கேள்விக்கு அவர் அளித்த விடை எவரும் எதிர்பாராதது. அவ்வாண்டு செப்டெம்பரில், இலங்கையின் மிலேனியம் ஐ.ரி. நிறுவனத்தை 30 மில்லியன் டொலருக்கு, அதாவது ஏறக்குறைய 18 மில்லியன் பவுணுக்கு, வாங்குவதாக லண்டன் சந்தை அறிவித்தது. இதனால் ஆண்டுக்குக் குறைந்தது 10 மில்லியன் பவுண் மிச்சமாகும் என்றும் எதிர்பார்க்கப்பட்டது.

மிலேனியம் ஐ.ரி. 1996இல் டொனி வீரசிங்கவினால் தொடங்கப்பட்ட நிறுவனம். கொழும்புப் பங்குச் சந்தையின் வியாபாரத்தைக் கணினிமயப்படுத்தி அனுபவம் பெற்றது. பின்னர் தலைநகருக்கு அண்மையில் மாலபேயில் தன் வளாகத்தை அமைத்துக்கொண்டது.

அந்த அறிவிப்பு வந்த நாட்களை நினைத்துப் பார்க்கிறேன். போர் முடிந்து நான்கு மாதங்களே ஆகியிருந்தன. வவுனியா முகாம்களில் இலட்சக்கணக்கான மக்கள் முட்கம்பிகளுக்குப் பின்னால் இருந்தனர். எங்கள் முதற்பக்கங்கள் முழுவதும் அவர்களுடைய துயரமே. லண்டன் செய்தி உட்பக்கத்தில் ஒரு சிறு பத்தியாகச் சென்றது. அன்று அதற்கு மேல் இடம் கொடுக்க மனம் வரவில்லை. அதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. எனினும் அச்செய்தியின் கனத்தை நான் உணர்ந்திருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

புதிய 'மிலேனியம் எக்ஸ்சேஞ்ச்' லினக்ஸின் மீது இயங்கியது. சி ப்ளஸ் ப்ளஸ் மொழியில் எழுதப்பட்டது. இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்கவேண்டும். டொட் நெற் சூழலில் பயன்பாடு முடிந்த நினைவகத்தை முறைமையே அவ்வப்போது கூட்டிப் பெருக்குகிறது. நிரலாளருக்கு அது பெரும் வசதி. ஆனால் பெருக்கும் கணத்தில் வேலை சற்றே நின்றுவிடக்கூடும். வங்கிக் கிளையொன்றின் கணக்குப் புத்தகத்திற்கு அது பொருட்டல்ல. பங்குச் சந்தைக்கு அது பொருட்டு. சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் அப்பொறுப்பு முழுவதும் நிரலாளரின் கையில். லினக்ஸிலும் தேவையற்ற பகுதிகளைக் கழற்றிவிட்டு, தன் வேலைக்கு ஏற்ப இயங்குதளத்தையே செதுக்கிக்கொள்ளலாம். ஆக, லண்டனில் மாறியது விண்டோஸ் மட்டுமன்று. மொழி, வடிவமைப்பு, உரிமை யாவும் மாறின.

2010 ஒக்டோபரில், லண்டன் சந்தையின் துணை நிறுவனமான 'டேர்க்கோய்ஸ்' முதலில் இதற்கு மாறியது. அங்கே ஒரு கட்டளைக்கான நேரம் 126 மைக்ரோசெக்கன் என அறிவிக்கப்பட்டது. மில்லிசெக்கனில் எட்டில் ஒரு பங்கு!

லினக்ஸும் விழுந்தது

கதை இத்துடன் முடிந்திருந்தால் லினக்ஸ் வென்றது என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் 2010 நவம்பர் 2ஆம் திகதி டேர்க்கோய்ஸ் சந்தை நின்றது. மனிதத் தவறு ஒன்று காரணமாகக் கூறப்பட்டது. பிரதான சந்தையின் மாற்றம் அடுத்த ஆண்டுக்குப் பிற்போடப்பட்டது. 2011 பெப்ரவரி 14ஆம் திகதி பிரதான சந்தையும் புதிய முறைமைக்கு மாறியது. முதல் நாட்களில், தகவல்களைப் பெற்று விநியோகிக்கும் சில நிறுவனங்களின் திரைகளில் விலைகள் பிழையாகத் தோன்றின. பெப்ரவரி 25ஆம் திகதி காலையில் நின்ற வியாபாரம் நான்கு மணித்தியாலங்களுக்கு மேல் கழிந்த பின்னரே மீண்டும் தொடங்கியது.

இம்முறை விண்டோஸ் ஆதரவாளர்களின் முறை. ஆனால் 2008இல் லினக்ஸ் ஆதரவாளர்கள் செய்த அதே தவறையே அவர்களும் செய்தார்கள். இரண்டு முடக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு ஒன்று தெளிவாகும். எந்த இயங்குதளமும் விழாமைக்கு உத்தரவாதம் தருவதில்லை. விழுந்த பின் எழுப்பும் அறிவு யாரிடம் இருக்கிறது என்பதிலேயே வேறுபாடு தங்கியுள்ளது. 2008இல் அந்த அறிவு ஒப்பந்தக்காரரிடமும் மென்பொருள் விற்றவரிடமும் பெருமளவில் இருந்தது. 2011இல் நிரலை எழுதிய கைகள் சந்தையின் சொந்த ஊழியர்களுடையவை. முறைமை நிலைபெற்றது. 2012இல் இத்தாலியின் மிலான் சந்தையும் ஜொகன்னஸ்பேர்க் சந்தையும் அதற்கு மாறின.

இலவசம் என்பதன் விலை

சரி, லினக்ஸைத் தெரிவுசெய்தால் எவரிடமும் தங்கியிருக்க வேண்டியதில்லையா? அதுவும் முழு உண்மையன்று. ரெட் ஹற் லினக்ஸின் மூலநிரலிலிருந்து உருவாக்கப்பட்ட 'சென்ட்ஓஎஸ்' என்ற இலவசப் பதிப்பை உலகெங்கும் சிறிய நிறுவனங்கள் நம்பியிருந்தன. அதன் 8ஆம் பதிப்பு 2029 வரை பராமரிக்கப்படும் என்று எண்ணியிருந்தோருக்கு 2020 டிசம்பரில் இடி விழுந்தது. 2021 இறுதியுடன் பராமரிப்பு முடிவடையும் என அறிவிக்கப்பட்டது. ரெட் ஹற்றை ஐ.பி.எம். 34 பில்லியன் டொலருக்கு வாங்கியது 2019இல்.

ஏனைய முகாம்களிலும் இதே கதைதான். சன் நிறுவனத்தை 2010இல் ஒரக்கிள் விழுங்கியது. சொலாரிஸை நம்பியிருந்தவர்களின் எதிர்காலம் புதிய எஜமானின் கைக்குச் சென்றது. விளம்பரங்களில் பெருமையாகப் பேசப்பட்ட விண்டோஸ் சேர்வர் 2003இற்கான ஆதரவு 2015 ஜூலை 14ஆம் திகதியுடன் நிறுத்தப்பட்டது. இயங்குதளத்தைத் தேர்பவர் அதன் உரிமையாளரின் விதியையும் சேர்த்தே தேர்கிறார்.

வரலாற்றின் குறும்பு இன்னொன்று. 2022 டிசம்பரில் மைக்ரோசொப்ட், லண்டன் பங்குச் சந்தைக் குழுமத்தின் ஏறக்குறைய 4 வீதப் பங்கை வாங்குவதாகவும், இரு தரப்பும் பத்தாண்டு ஒப்பந்தம் ஒன்றில் இணைவதாகவும் அறிவித்தன. வாசலால் அனுப்பப்பட்டவர் பங்காளராகத் திரும்பி வந்தார். இம்முறை அவர் விற்றது இயங்குதளத்தையல்ல, 'அஸூர்' என்ற மேகக் கணினிச் சேவையை. அந்த அஸூரில் விண்டோஸை விட லினக்ஸே அதிகம் பயன்படுத்தப்படுகிறது என்பது 2019இலேயே தெரியவந்த விடயம். லினக்ஸுக்கு எதிராக விளம்பரம் செய்த நிறுவனம் லினக்ஸை வாடகைக்கு விட்டுப் பணம் பண்ணுகிறது.

ஆகவே, நம் நாட்டில் வணிகம் செய்யும் ஒருவர் என்னிடம் எதைத் தெரிவுசெய்வது என்று கேட்டால், நான் திருப்பிக் கேட்பவை மூன்று. அது நள்ளிரவில் நின்றால் எழுப்பக்கூடியவர் உங்கள் சம்பளப் பட்டியலில் இருக்கிறாரா? அவர் போய்விட்டால் அடுத்தவர் வாசித்துப் புரிந்துகொள்ளும்படி எல்லாம் எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா? உற்பத்தியாளர் கைவிட்டால் வேறிடத்திற்கு மாறிக்கொள்ள உங்களால் முடியுமா? இவற்றுக்கு விடை இருந்தால் விண்டோஸும் நல்லது, லினக்ஸும் நல்லது.

எங்கள் காரியாலயம் அந்தக் கூட்டத்தின் பின் லினக்ஸுக்கு மாறியது. நிறுவித்தந்த இளைஞர் கெட்டிக்காரர். இரண்டு வருடங்களில் அவர் மெல்பேர்ணுக்குப் போய்விட்டார். அவருக்கு நாங்கள் பிரியாவிடை விருந்து வைத்தோம். கடவுச்சொல்லைக் கேட்டு வாங்க மறந்துவிட்டோம்.