சர் ஆர்தர் காட்டனும் கல்லணையும்

ஆழங்காணா ஆற்றுமணலில் எழுப்பிய கட்டடம் நிலைக்குமோ என வினவின், நிலையாதென்றே எவரும் விடை கூறுவர். நிலைக்கும் என்பதைக் காவிரிக்கரையிற் கற்றுக்கொண்ட ஆங்கிலேய எஞ்சினீயர் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி வரைகின்றேன்.

ஆர்தர் காட்டன் 1803-ஆம் ஆண்டிற் பிறந்தார். கும்பினியாரின் அடிஸ்கோம்பு போர்க்கலாசாலையிற் பயின்று, 1821-இல் சென்னை எஞ்சினீயர் படையின் இளம் அதிகாரியாய் இந்நாடு போந்தார்.

அக்காலத்துத் தஞ்சை உழவர்க்கு நேர்ந்த இடர் பெரிது. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பிற் பிரியும் கொள்ளிடம் சரிவு மிக்கது. காவிரிப் படுகையோ வண்டல் மண்டி மேடிட்டு வந்தது. ஆகவே வெள்ளநீர் பெரும்பாலும் கொள்ளிடத்து வழியே வீணே கடல் புகுந்தது. தஞ்சை வயல்கள் வாடத் தலைப்பட்டன. வண்டலை எத்துணை வாரினும் அது மீண்டும் படிந்தது.

இதற்குத் தீர்வு நாடிய காட்டன், கல்லணையை நுணுகி ஆராய்ந்தார். ஏறத்தாழ 1,080 அடி நீளமுடைய அவ்வணை, பாறையின் துணையின்றி மணலின் மீதே கல்லும் களிமண்ணுங் கொண்டு அமைந்து, எண்ணிறந்த வெள்ளங்களைத் தாங்கி நின்றது. அதன் நெறியை உளங்கொண்டு, 1836-இல் முக்கொம்பில் மேலணையும், கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியிற் கீழணையும் கட்டுவித்தார். தஞ்சைக்கு நீர் மீண்டது. ஆயினும் அவர் கணக்கு முற்றுஞ் சரியாயிற்றென்று கூறல் இயலாது. கொள்ளிடம் தடைபடவே, காவிரி அளவின் மிக்க நீரை ஈர்த்துத் தன் படுகையையே அரிக்கத் தொடங்கிற்று. பின்னர்க் காவிரித் தலைப்பிலும் ஒரு தடுப்பு இட நேர்ந்தது.

கோதாவரியில் தவளேசுவரத்து அணை 1847-இல் தொடங்கி 1852-இல் முடிந்தது. காவிரிக்கரையிற் கற்ற பாடமே அங்கும் பயன்பட்டது. அரசு அவர்க்கு 1861-இற் ‘சர்’ பட்டம் அளித்தது. இருப்புப்பாதையினும் கால்வாயே இந்நாட்டுக்கு ஏற்றதென ஓயாது வாதாடினார்; 1878-இற் பார்லிமெண்டுக் குழுவின் முன்னும் அதனையே வற்புறுத்தினார். அவ்வாதத்தில் அவர் சற்று மிகைபடச் சென்றார் என்பது என் கருத்து. 1899-இற் காலமானார்.

சரித்திரம் கற்பிக்குங்கால், அணைத்தொழிலே வெள்ளையரால் வந்ததென எண்ணும் பிள்ளைகளையும், அவர் ஏதுஞ் செய்திலர் என வெகுளும் பிள்ளைகளையும் யான் கண்டதுண்டு. இரு சாரார்க்கும் காட்டனின் எழுத்தையே காட்டுவேன். மணலில் அடிப்படையிடும் முறையைப் பண்டை நாட்டவரிடமே கற்றோம் என அவர் ஒளியாது எழுதினார். முன்னோர் அமைத்த நீர்நிலைகளைப் பழுதுபார்க்கவும் அறியாத, போரில் மட்டுமே வல்ல கூட்டத்தார் என்று தம் இனத்தாரை இந்நாட்டு மக்கள் இகழ்ந்ததையும் அவரே பதிந்து வைத்தார்.

அவர் கட்டிய மேலணையில், கொள்ளிடத்தின் குறுக்கேயுள்ள 45 மதகுகளுள் ஒன்பது, 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. பின்னர் அங்கே புதிய கதவணை எழுந்தது.