ஓரணா டிபனும் ஒரு முட்டையும்



போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். இப்போது ஒரு பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியை. "டீச்சர், எங்க காலேஜ்ல வெல்னஸ் வீக் நடத்தச் சொல்லி என் தலையில கட்டிட்டாங்க. பசங்களை நல்லபடியா சாப்பிட வைக்கணுமாம். நீங்க நம்ம ஸ்கூல்ல ஊட்டச்சத்து வாரம் நடத்துவீங்களே, என்ன செய்யலாம்னு சொல்லுங்க" என்றாள். எனக்கு எதையும் பழைய கதையிலிருந்து ஆரம்பித்தால்தான் சொல்ல வரும். வகுப்பிலும் அப்படித்தான் இழுப்பேன், உங்களுக்குத் தெரியாததா! அதனால் இங்கேயே எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் சாப்பாடு என்றதும் காமராஜர் பெயரைச் சொல்வோம். அதற்கும் முன்னால் ஒரு கதை இருக்கிறது. 1920ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் தேதி சென்னை மாநகராட்சி மன்றத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. ஆயிரம் விளக்குப் பகுதியில் உள்ள மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, தலைக்கு ஓரணாவுக்கு மிகாமல் டிபன் கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். அப்போது மாநகராட்சித் தலைவர் பிட்டி தியாகராயர். பிள்ளைகள் ஏழைகள், அதனால்தான் பள்ளியில் வருகை குறைகிறது என்பது அவர் சொன்ன காரணம். ரூபாய்க்குப் பதினாறு அணா என்பதை இளையவர்கள் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது. 1922-23இல் அந்த ஐந்து பள்ளிகளிலும் சேர்த்து 811 பிள்ளைகள். 1924-25இல் 1,671. இரண்டே வருடத்தில் இரட்டிப்பு! இதற்காக யாரும் வீடு வீடாகப் போய் "பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புங்கள்" என்று பிரசங்கம் செய்யவில்லை. ஆனால் ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவைச் செய்யக்கூடாது என்று வெள்ளைக்கார அரசாங்கம் சொல்ல, 1925 ஏப்ரல் 1 முதல் நின்றுபோனது. அந்த முதல் தேதி பள்ளிக்கு வந்த பிள்ளைகளை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன்.

1956இல் காமராஜர் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கினார். கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய்ப் பேச, ஊர்க்காரர்கள் நெல்லும் பருப்பும் பணமும் கொடுத்தார்கள். 1961 முதல் அமெரிக்காவின் கேர் நிறுவனம் பால்பவுடரும் எண்ணெயும் கோதுமையும் தந்தது. இது நான் சாப்பிட்டு வளர்ந்த சங்கதி. இரண்டு கைகள் குலுக்குகிற படம் போட்ட மூட்டைகள் வகுப்பறை மூலையில் அடுக்கியிருக்கும். உடைத்த கோதுமையை வேகவைத்துப் போடுவார்கள். வீட்டில் பழகாத ருசி. ஆனாலும் தட்டை வழித்துத்தான் எழுந்திருப்போம்.

1982க்கு வருவோம். அந்த வருடம் இரண்டு காரியம் நடந்தது. ஜூலை 1ஆம் தேதி திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதலில் கிராமங்களுக்கு, செப்டம்பரில் நகரங்களுக்கு. கஜானா காலியாகிவிடும் என்று கேலி செய்தவர்கள் நிறையப் பேர். அதே 1982இல்தான் மத்திய அரசின் தேசிய ஊட்டச்சத்து வாரமும் தொடங்கியது. ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பர் 1 முதல் 7 வரை. நான் ஆசிரியர் பயிற்சி முடித்து வெளியே வந்தபோது இரண்டுமே புதிது. ஒன்று சோறு போட்டது, மற்றொன்று எதைச் சாப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது. எனக்கு அப்போது இரண்டாவதில்தான் மோகம். சார்ட் எழுதுவதில் நான் கெட்டிக்காரி அல்லவா!

1990களின் தொடக்கம் என்று நினைவு. ஊட்டச்சத்து வாரத்துக்குக் கண்காட்சி வைத்தேன். "ஆளுக்கொரு சத்தான பொருள் வீட்டிலிருந்து கொண்டு வாங்க" என்றேன். கேரட், ஆப்பிள், பேரீச்சம்பழம் என்று கரும்பலகையில் பட்டியல் வேறு. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இரண்டு நாளாக வெறுங்கையோடு வந்தாள். மற்ற பிள்ளைகள் முன்னால் வைத்து, ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்டேன். மூன்றாம் நாள் பாவாடை நுனியில் முடிந்து ஒரு வேகவைத்த முட்டையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"ஏதும்மா?" என்றேன். "நேத்து சத்துணவுல குடுத்தது டீச்சர்" என்றாள்.

1989இல்தான் கலைஞர் ஆட்சியில் சத்துணவில் முட்டை வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை. அந்த ஒன்றைத்தான் அவள் சாப்பிடாமல் வைத்திருந்து என் கண்காட்சிக்குக் கொண்டு வந்திருந்தாள். கெட்டுப்போயிருக்குமோ என்ற பயத்தில் திரும்பச் சாப்பிடச் சொல்லவும் முடியவில்லை. கண்காட்சியைப் பார்க்க வந்த அதிகாரி என் சார்ட்டைத்தான் பாராட்டிவிட்டுப் போனார். மறு முட்டைக்கு இன்னும் பதிமூன்று நாள் இருந்தது.

அடுத்த வருடத்திலிருந்து வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்வதை விட்டுவிட்டேன். சத்துணவு அமைப்பாளரும் சமையல் ஆயாவும் நானும் பேசி, பள்ளிக்குப் பின்னால் நின்ற முருங்கையிலிருந்து கீரை பறித்துச் சாம்பாரில் போட ஆரம்பித்தோம். பிள்ளைகள் கீரை உருவித் தருவார்கள். எங்கள் ஊட்டச்சத்து வாரம் அவ்வளவுதான். சார்ட் எழுதுவதும் குறைந்துபோனது. முட்டையும் 1998இல் வாரம் ஒன்று ஆகி, 2010இல் வாரம் ஐந்து ஆனது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டமும் தொடங்கிவிட்டது. எந்தக் கட்சி ஆட்சி என்று பார்க்காமல் ஒவ்வொருவரும் முன்னவர் வைத்ததன்மேல் ஒரு பிடி கூட வைத்திருக்கிறார்கள். நம் ஊர் அரசியலில் இது அபூர்வம்.

இப்போது உனக்கு, கண்ணு. கோலப்போட்டி வை, பேச்சுப்போட்டி வை, வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன் ஹாஸ்டல் பிள்ளைகளிடம் கேள். முதல் வகுப்புக்கு எத்தனை பேர் வெறும் வயிற்றோடு ஓடி வருகிறார்கள்? மெஸ்ஸை அரைமணி முன்னால் திறக்கச் சொல்ல முடியுமா? பதினோரு மணிக்கு கேன்டீனில் பப்ஸுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு சுண்டல், பப்ஸைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்குமா? கிடைத்தால், அந்த வாரம் முடிந்த பிறகும் கிடைக்குமா? யாரிடமும் எதையும் கொண்டுவரச் சொல்லாதே.

விசாரித்துவிட்டு போன் பண்ணு. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் கூப்பிடு. அதுவரை பேரனுக்குச் சோறு ஊட்டுகிற போராட்டத்தில் இருப்பேன்.